படத்தின் மூலையில் என் பெருவிரல்

போன கிழமை இந்த இடத்தில் என் பத்தி வரவில்லை. பதிலாகக் கத்தரிக்காய்ப் பால்கறி வைக்கும் விதம் போட்டிருந்தார்கள். நல்ல குறிப்புத்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் மூன்று வாசகர்கள் ஃபோன் எடுத்து, எழுத விசயம் முடிந்துபோயிற்றோ என்று விசாரித்தார்கள். இன்னொருவர் சுற்றி வளைத்து, நான் உயிரோடு இருக்கிறேனா என்றே கேட்டார்.

இருக்கிறேன் ஐயா... நான் இருக்கிறேன். நான் பயந்தது என் மனைவிக்காக.

மலருக்குப் பித்தப்பையில் கல். வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். அவளுக்குப் பத்து வருஷமாகச் சீனி வருத்தமும் உண்டு. அதனால் டொக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார் — ஒப்பரேஷன் பெரிய விசயமில்லை, காயம் ஆறி மாறுவதுதான் பெரிய விசயம், கவனம் என்று. நான் தலையாட்டினேன். டொக்டர்மார் சொன்னால் நாங்கள் எல்லோரும் தலையாட்டுவோம். விளங்கியதா இல்லையா என்பது வேறு கதை.

எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்காதீர்கள். குடாநாட்டில் ஒன்று. பெயர் சொல்லாததற்குக் காரணம் வாசித்துக்கொண்டு போக விளங்கும்.

ஒப்பரேஷன் நன்றாக முடிந்தது. அடுத்த நாள் மலர் எழுந்து இருந்தாள், கஞ்சி குடித்தாள். வீட்டில் பூனைக்குச் சோறு வைத்தேனா, கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் விட்டேனா என்று கேள்விமேல் கேள்வி கேட்டாள். அவள் அதட்டத் தொடங்கிவிட்டால் சுகம் வந்துவிட்டது என்று அர்த்தம். நான் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

இரண்டாம் நாள் பின்னேரம். மானிப்பாயிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். பாதி வழியில் செயின் கழன்றது. பார்வை நேரம் ஒரு மணித்தியாலம்தான், தெரியும்தானே? ஒரு நிமிடம் பிந்தினாலும் வாசலில் நிற்கும் காவலாளியின் முகம் மாறிவிடும். கையாலேயே செயினை மாட்டி, புல்லில் கையைத் துடைத்து, பிறகு சேர்ட் பையிலிருந்த லேஞ்சியில் துடைத்து... ஓடி வந்து சேர்ந்தேன்.

எனக்கு முன்னமே அக்கா வந்திருந்தா. என் சொந்த அக்கா. வட்டுக்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு ஃபிளாஸ்க் சூப், கோயில் திருநீறு எல்லாவற்றோடும் வந்து, மலரின் கட்டில் விளிம்பில் ஏறி இருந்தா. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது. அக்காவிடம் அதை யார் சொல்வது? என்னால் முடியாது. அறுபத்தாறு வயதிலும் எங்கள் குடும்பத்தில் கடைசிச் சொல் அவவுடையதுதான்.

எங்கள் ஆட்கள் வருத்தம் பார்க்க வந்தால் முதலாவது கேள்வி என்ன? சுகமோ என்பது இல்லை. எத்தனை தையல் என்பதுதான்! தையலின் எண்ணிக்கை தெரியாமல் வீட்டுக்குத் திரும்பிப் போனால், ஊரில் கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? அக்காவும் கேட்டா. எனக்குத் தெரியவில்லை. மலருக்கும் தெரியவில்லை.

"அதுக்கென்ன, பாத்தாப் போச்சு" என்றேன்.

ஓம், நானேதான். பிளாஸ்ரரின் ஒரு மூலையை மெல்ல உரித்து, பஞ்சுத் துணியை உயர்த்திப் பிடித்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து எண்ணினா. ஒன்பது. வடிவாய்த் தைத்திருக்கினம் என்று, சட்டை தைக்கக் கொடுத்து வாங்கியவ மாதிரித் தீர்ப்பும் சொன்னா.

அந்த நேரம் பார்த்து ரொறன்ரோவிலிருந்து மகளின் மெசேஜ். அம்மா எப்படி, காயம் எப்படி, படம் அனுப்புங்கோ. இடக்கையால் பிளாஸ்ரரைத் தூக்கிப் பிடித்தபடி வலக்கையால் படம் எடுத்தேன். எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நான்கு நாட்டிலிருந்தும் கும்பிட்ட கைகளும் சிவப்பு இதயங்களும் வந்து குவிந்தன. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிளாஸ்ரரைத் திரும்ப ஒட்டினேன். சரியாக ஒட்டவில்லை. பெருவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்ட வைத்தேன்.

இவ்வளவுக்கும் மலர் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபானைப் பார்த்தபடி கிடந்தாள்.

நான்காம் நாள் காலை ஒன்பது மணிபோல வார்ட்டிலிருந்து அழைப்பு வந்தது. பதற வேண்டாம், ஆனால் உடனே வாருங்கள் என்றார்கள். இந்த இரண்டு சொல்லையும் ஒன்றாகச் சொன்னால் எவன்தான் பதறாமல் இருப்பான்? சேர்ட்டின் பொத்தானை மாறிப் போட்டேன். கதவைப் பூட்டினேனா என்ற நினைவே இல்லை. சைக்கிளை நம்ப முடியாது, திரும்பவும் செயின் கழன்றால்? பக்கத்துத் தெருப் பெடியனின் ஓட்டோவில் போனேன்.

மலர் இரண்டு போர்வைக்குள் கிடந்து நடுங்கினாள். பல்லோடு பல் அடிக்கிற நடுக்கம். நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. "குளிருதப்பா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கே மூச்சு வாங்கியது. மூன்று நாளுக்கு முதல் பூனையைப் பற்றி விசாரித்தவள்!

டொக்டர் இளம் ஆள். என்னை ஒரு பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னார். காயத்தில் கிருமி பிடித்துவிட்டது. சீனி தாறுமாறாக ஏறியிருக்கிறது. கிருமி இரத்தத்துக்குள் போய்விட்டதோ என்று பார்க்க இரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறோம். இருபத்துநான்கு மணித்தியாலம் கவனமாகப் பார்ப்போம்.

இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குப் பிறகு என்ன என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இத்தனை வருஷமாகக் கிழமைக்குக் கிழமை ஊரையெல்லாம் கேள்வி கேட்கிற ஆள் நான்... தலையாட்டிவிட்டு வந்தேன்.

பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். காங்கேசன்துறைப் பக்கத்து அம்மா ஒருவர் காலில் ஆறாத புண்ணோடு அதில் கிடந்தவர். முதல் நாள் எனக்கு ஒரு தோடம்பழம் உரித்துத் தந்தவர். இப்போது கட்டில் வெறுமையாக இருந்தது. மெத்தையை மடித்து வைத்துவிட்டு, ஒருவர் ஏதோ மருந்துத் தண்ணீரால் கட்டிலின் இரும்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா எங்கே என்று நான் கேட்கவில்லை. என்ன பதில் வரும் என்ற பயம். அவரை வேறு வார்ட்டுக்கு மாற்றியிருந்தார்கள் என்பது இரண்டு நாளின் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த இரண்டு நாளும் என் கணக்கில் அவர் உயிரோடு இல்லை.

விறாந்தையில் போட்டிருந்த நீள மர வாங்கில் வந்து இருந்தேன். பயம் மனிதனை என்ன செய்யும் தெரியுமா? முதலில் நடுங்க வைக்கும், பிறகு ஆளைத் தேட வைக்கும். பழி போட ஒரு ஆள் வேண்டும். எனக்குக் கிடைத்தது ஆஸ்பத்திரி. இவர்கள்தான்... கை கழுவாமல் மருந்து கட்டியிருப்பார்கள். கத்தி, கத்தரிக்கோலைச் சரியாக அவித்திருக்க மாட்டார்கள். அந்தப் புண்கால் அம்மாவைத் தொட்ட கையோடு என் மனுசியையும் தொட்டிருப்பார்கள். இருந்த இருப்பிலேயே ஒரு பத்தி முழுவதையும் மனதுக்குள் எழுதி முடித்துவிட்டேன். தலைப்புக்கூட வைத்தாயிற்று. நெருப்பு மாதிரி வந்திருக்கும்.

அப்போதுதான் அந்த மிஸ்ஸி வந்தா. எங்கள் ஊரில் தாதிமார் எல்லோரும் மிஸ்ஸிதான். ஆனால் இவ மருந்து கட்டுகிறவ இல்லை. ஆஸ்பத்திரிக்குள் நோயாளிக்கு நோயாளி கிருமி பரவாமல் பார்ப்பதுதான் அவவின் முழுநேர வேலை. நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு கொப்பி. எங்கள் இருவரையும் மலரின் கட்டிலடியில் வைத்தே விசாரித்தா. யார் யார் வந்து போனார்கள், என்ன சாப்பிட்டா, எப்போது முதல் குளிர் வந்தது... பிறகு கேட்டா:

"ஐயா, நாங்கள் கட்டின பிளாஸ்ரரை இடையிலை ஆராவது திறந்தவையோ?"

"இல்லை" என்றேன்.

எப்படி வந்தது அந்தச் சொல்? நான் யோசித்துச் சொல்லவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. ஏச்சு விழப்போகிறது என்று தெரிந்தவுடன் பள்ளிக்கூடப் பிள்ளையின் வாயிலிருந்து வருவது போல வந்துவிட்டது. மலர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

மிஸ்ஸி கொப்பியில் எழுதினா. யாரும் திறக்கவில்லை என்றால் பிழை எங்கள் பக்கம்தான் இருக்க வேண்டும், இந்த வார்ட்டில் காயம் உள்ள எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும், மருந்து கட்டுகிற பிள்ளையையும் சாமான்களையும் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு எழும்பிப் போனா. சொன்னபடியே செய்தா. பத்து நிமிடத்தில் வார்ட்டே கலகலத்தது. கட்டில் கட்டிலாகப் போய் எல்லோருடைய கட்டையும் அவிழ்த்துப் பார்த்தார்கள். மருந்து கட்டும் தட்டை அப்படியே மூடி எடுத்துக்கொண்டு போனார்கள். மலருக்கு மருந்து கட்டிய தாதி, சின்னப் பிள்ளை, என் மகளின் வயதுகூட இருக்காது, விறாந்தை மூலையில் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது.

நான் வாங்கில் இருந்தேன். என் மனதுக்குள் எழுதிய நெருப்புப் பத்தியின் ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை.

மகள் அழைத்தாள். அவளுக்கு அங்கே அழுகை, எனக்கு இங்கே அழுகை. பிறகு அவள்தான் சுதாரித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, ரெண்டாம் நாள் ஒரு படம் அனுப்பினீங்களெல்லே, அதை டொக்டருக்குக் காட்டுங்கோ. அண்டைக்குக் காயம் நல்லாத்தானே இருந்தது. அவைக்கு உதவும்."

படத்தைத் திறந்தேன். ஒன்பது தையல். சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, அவள் சொன்னது சரி. விரலால் பெரிதாக்கினேன். படத்தின் இடப்பக்க மூலையில் இன்னொன்று இருந்தது. பிளாஸ்ரரைத் தூக்கிப் பிடித்த ஒரு பெருவிரல். நகத்தைச் சுற்றிக் கறுப்பாக, வளையம் போல, சைக்கிள் செயின் எண்ணெய். புல்லில் துடைத்தேனே, லேஞ்சியில் துடைத்தேனே... அப்படியே இருந்தது. அந்த விரல் காயத்திலிருந்து ஒரு தையல் தூரம்கூட இல்லை.

எனக்குக் குளிர்ந்தது. மலருக்கு வந்த குளிர் அதுதானோ என்று நினைக்கிற அளவுக்கு.

உண்மையைச் சொல்வதென்றால், அழித்துவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். அழித்து என்ன பிரயோசனம்? குடும்பக் குழுவில் முப்பத்தெட்டுப் பேர். ரொறன்ரோவில், பாரிசில், சிட்னியில் என் பெருவிரல் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதுவல்ல என்னை எழுப்பியது. உள்ளே மலருக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் அவர்கள் வேறு இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தெரிந்தவன் வாங்கில் இருக்கிறான். என் மானத்தைக் காப்பாற்ற நான் இன்னும் எவ்வளவு நேரம் இருப்பது? அவளிடம் அவ்வளவு நேரம் இருக்கிறதா?

அடுத்த நாள் காலைதான் போனேன். பார்த்தீர்களா, அப்போதும் ஒரு இராத்திரி எடுத்துக்கொண்டேன். அந்த மிஸ்ஸியின் சின்ன அறைக்குப் போய் ஃபோனை நீட்டினேன்.

அவ காயத்தைப் பார்த்தா. பெரிதாக்கிப் பார்த்தா. பிறகு படத்தை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினா. விரலைப் பார்த்தா. பிறகு மேசையில் இருந்த என் கையைப் பார்த்தா. கையை எங்கே ஒளிப்பது?

"நேற்றுச் சொல்லியிருந்தால் எங்களுக்கு ஒரு நாள் மிச்சம் ஐயா."

ஏசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. உங்கள் விரல்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன் என்றா. உங்கள் அக்காவின் கையாக இருக்கலாம், எங்கள் ஆட்களின் கையாக இருக்கலாம், மனைவியின் தோலில் முதலே இருந்ததாகவும் இருக்கலாம். பிறகு நிறுத்தி நிதானமாகச் சொன்னா:

"எண்ணெய்க் கறுப்பு கண்ணுக்குத் தெரியுது. கிருமி தெரியாது. கழுவித் துடைச்ச மாதிரி இருக்கிற கையிலைதான் எனக்குக் கூடப் பயம்."

என்னைக் கூட்டிக்கொண்டு போய் பைப்படியில் விட்டா. சவர்க்காரத்தை எடுத்து, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகம், பெருவிரல் என்று காட்டித் தந்தா. பெருவிரலைத்தான் எல்லோரும் மறப்பார்களாம். ஐம்பத்தொன்பது வயதில் கை கழுவப் படித்தேன். அங்கிருந்து நேரே அந்தச் சின்னத் தாதியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அவளுக்கு இல்லை.

மலரின் காயத்தில் மூன்று தையலைப் பிரித்து உள்ளே இருந்த சீழை எடுத்தார்கள். மருந்தை மாற்றினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததை நான் யன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கியது. இரத்தத்தில் கிருமி இல்லை என்று அறிக்கை வந்தது. அந்தக் கடதாசியை வாங்கில் இருந்து மூன்று தரம் வாசித்தேன். காயத்தில் இருந்தது எவர் தோலிலும், எவர் மூக்கிலும் சாதாரணமாக இருக்கிற கிருமியாம். யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாதாம். விடுதலை என்று நினைக்காதீர்கள். யாருடையது என்று தெரியாமல் இருப்பது, என்னுடையது என்று தெரிவதைவிடப் பயங்கரம்.

இனி ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? செருப்பைக் கேற்றடியில் விட்டு, நேரே கிணற்றடிக்குப் போய், உடுப்பைப் புறம்பான வாளியில் ஊறப்போட்டு, தலையில் தண்ணீர் வார்த்த பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்போம். செத்தவீட்டுக்குப் போய் வந்த மாதிரி, துடக்குக் கழிக்கிற மாதிரி. நானும் அந்த ஏழு நாளில் ஒருநாள்கூடத் தவறவில்லை. அவ்வளவு சுத்தக்காரர் நாங்கள்!

போகும்போது?

பஸ் கம்பி, சைக்கிள் செயின், சந்தையில் பேரம் பேசி அழுத்திப் பார்த்த மாம்பழம், நூறு தரம் தொட்ட ஃபோன்... எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டு போய், வயிறு கீறிக் கிடக்கிற ஒரு சீவனைத் தொடுவோம். அங்கிருந்து எங்களுக்கு ஏதும் தொற்றிவிடக் கூடாது என்ற பயம் பரம்பரையாக இருக்கிறது. எங்களிடமிருந்து அங்கே கிடப்பவர்களுக்கு ஏதும் தொற்றும் என்று ஒருவரும் பயந்ததில்லை. நாங்கள் குளிக்கிறோம், ஆனால் தவறான வாசலில் குளிக்கிறோம்.

சொந்தக்காரரைப் பார்க்கப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போகாவிட்டால் எட்டியும் பார்க்கவில்லை என்ற பேச்சு சாகும்வரை நிற்கும், எனக்கும் தெரியும். போங்கள். வாசல் பைப்பில் கையைக் கழுவிவிட்டுப் போங்கள். கட்டிலில் இருக்காதீர்கள். தையல் எத்தனை என்று தெரியாவிட்டால் ஒருவரும் செத்துப்போக மாட்டார்கள். தெரிந்துகொள்ள வெளிக்கிட்டால்தான் ஆபத்து.

மலர் வீட்டுக்கு வந்துவிட்டாள். காயம் மாற இன்னும் மூன்று கிழமை செல்லும். ஒன்றுவிட்ட ஒரு நாள் கிளினிக்கில் மருந்து கட்ட வேண்டும். இராத்திரியில் எழும்பி அவளின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். சூடு இல்லை என்று தெரிந்தாலும் திரும்பவும் தொட்டுப் பார்க்கிறேன். நேற்றுப் பின்னேரம் ரீ கொடுக்கும்போது துணிவை வரவழைத்துக்கொண்டு, என்னில் கோபமா என்று அவளிடம் கேட்டேன். அவள் கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்தாள்.

"நீங்கள் பிளாஸ்ரரிலை கை வைக்கேக்கையே எனக்குப் பயமாய்க் கிடந்ததப்பா. தொடாதேங்கோ எண்டு சொல்ல வாய் வந்தது. அக்காவுக்கு முன்னாலை உங்களை எப்பிடிச் சொல்லுறது எண்டு விட்டிட்டன்."

எனக்குக் கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். இதுவரை இப்படி எத்தனை தடவை சொல்லாமல் விட்டிருப்பாள் என்று கேட்க வாயெடுத்தேன்... பயத்தில் நானும் விட்டுவிட்டேன்.